கூடிச் செய்யும் வேலைக்குத் தேவையான திறன்களை எப்படி வளர்ப்பது: பாசிக் குழுக்களை முன்வைத்து ஒரு விரிவான பதில்

மண்டபம், பாம்பன் பகுதிக் கடலோர ஊர்களில் கடற்பாசி வளர்ப்புக் குழுக்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் உள்ள ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. குழுவிலுள்ள பெண்கள் ஒவ்வொருவரும் கடல் வேலையில் கைதேர்ந்தவர்கள். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உறவுக்காரர்கள். பெரிய சண்டை எதுவும் கிடையாது. ஆனாலும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை சுணங்குகிறது, ஒருவர் கவனித்த கோளாறு மற்றவருக்குத் தெரியாமலே போகிறது, அறுவடை நாளில் மனக்கசப்பு வருகிறது. விளையாட்டுகளும் ஒற்றுமை உரைகளும் நிறைந்த இரண்டு நாள் பயிற்சி நடத்தியும் ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. குழுவாக வேலை செய்யும் திறனைக் கற்றுத்தர முடியுமா, முடியுமென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

கற்றுத்தர முடியும். ஆனால் கூட்டங்களில் நாம் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கற்றுத்தர முடியாது. வேலை ஒழுங்காக நடந்து, பங்கு சரியாக வந்து, சொன்ன சொல்லுக்கு மதிப்புக் கிடைத்தால் அது தானாக வரும். கற்றுத்தரக்கூடியவை அதைவிடச் சிறியவை: தனக்கு மட்டும் தெரிந்ததை மற்றவர் முன் எடுத்து வைப்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்வது, முடிவு எடுப்பதற்கு முன்பே மாற்றுக் கருத்தைச் சொல்லிவிடுவது, வேலை முடிந்தபின் நடந்ததை அமைதியாக அலசுவது. இவை கூட்ட அரங்கில் நாற்காலி போட்டுச் சொன்னால் படிவதில்லை. பாசி வளர்க்கும் மூங்கில் மிதவையைக் கட்டும் இடத்திலும் எடை போடும் இடத்திலும், வேலையின் ஒழுங்கையே கொஞ்சம் மாற்றி அமைத்துப் பழகும்போதுதான் அவை கைவசமாகும்.

உங்கள் பயிற்சி ஏன் தங்கவில்லை என்பதை விளக்க இதுவே போதும். குழுப் பயிற்சிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துக் கேமரன் கிளைன் முதலானோர் 2009இல் வெளியிட்ட அலசலில், இத்தகைய பயிற்சிகளின் கூறுகளுள் இரண்டே மற்றவற்றைவிடக் கூடுதல் பலன் தந்தன: குழுவின் குறிக்கோளை நிர்ணயிப்பது, யார் எதற்குப் பொறுப்பு என்று தெளிவாக்குவது. பலூன் ஊதி உடைக்கும் விளையாட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு தோழியின் கையைப் பிடித்து நடப்பதும் அன்றைய பொழுதை இனிமையாக்கும், அதில் தவறில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து ஒரே தெருவில் வளர்ந்த பெண்களுக்கு ஒருவரையொருவர் அறிமுகப்படுத்தி வைக்கும் விளையாட்டு எதற்கு என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. அவர்களுக்குள் இல்லாதது பழக்கம் அன்று, வேலை பற்றிய பேச்சு.

குழு என்பதன் அடிப்படைச் சிக்கல் ஒன்றைக் கயிற்றைக் கொண்டுதான் முதன்முதலில் அளந்தார்கள் என்பது நம் கடற்கரைக்காரர்களுக்குச் சுவையான செய்தி. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், மனிதர்கள் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கும் விசையை அளந்து 1913இல் முடிவுகளை வெளியிட்டார். ஆள் கூடக் கூட மொத்த விசை கூடியது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் அது குறைந்துகொண்டே வந்தது. 8 பேர் சேர்ந்து இழுத்தபோது ஒருவரின் பங்கு, அவர் தனியே இழுப்பதில் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கிவிட்டது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒன்று. கூட்டத்தில் இருக்கும்போது மனிதர் அறிந்தோ அறியாமலோ கொஞ்சம் தளர்த்திவிடுகிறார் என்பது மற்றொன்று. 1974இல் அமெரிக்காவில் ஆலன் இங்காமும் உடன் ஆய்ந்தவர்களும் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்து, உண்மையில் ஒருவரை மட்டுமே இழுக்கவிட்டபோதும் விசை குறைந்தது. ஆகவே தளர்வு என்பது வெறும் தாளப் பிசகு இல்லை என்பது உறுதியாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து பிப் லட்டானே முதலானோர் கைதட்டலையும் கூச்சலையும் வைத்துச் செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெரியவந்தது: ஒவ்வொருவர் எழுப்பும் ஓசையும் தனித்தனியாகக் கணக்கில் வருகிறது என்று பங்கேற்றவர்களுக்குத் தெரிந்தபோது அந்தத் தளர்வு மறைந்தது.

கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கும் கரைவலை இழுப்பைப் பார்த்தவர்களுக்கு இதில் எதுவுமே புதிதாக இராது. வலையின் இரு தலைக்கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் பிடித்திருப்பார்கள். ஒரு பக்கம் முந்தினால் வலை சாய்ந்து மீன் ஒதுங்கிப் போய்விடும் என்பதால் நடுவில் ஒருவர் இரண்டு பக்கமும் பார்த்துக் குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு மறுகுரல் எழும் நொடியில் எல்லாக் குதிகால்களும் ஒன்றாக மணலில் அழுந்தும். வரிசையின் கடைசியில் இருப்பவர் கரைக்கு வந்த கயிற்றைச் சுருட்டிவிட்டு நடந்துபோய் அலை ஓரத்தில் மறுபடி முதல் ஆளாகப் பிடிப்பார். வலையின் மீன் சேரும் பையான மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நோக்கி நகரும். ரிங்கல்மான் கண்ட இரண்டு நோய்களுக்கும் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே மருந்து இருக்கிறது. குரலும் மறுகுரலுமாக எழும் ஏலோ பாட்டு தாளப் பிசகைத் தீர்க்கிறது. இடம் மாறிக்கொண்டே இருப்பதால் யாரும் நிரந்தரமாகக் கூட்டத்தின் நடுவில் மறைந்து நிற்க முடியாது. ஒற்றுமை பற்றி யாரும் அங்கே பேசுவதில்லை. இழுக்கும் முறையே அதைச் செய்துவிடுகிறது.

பாசிக் குழுவில் இந்த ஏற்பாடு இல்லை. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டத்தில் கயிறுகளை வரிசையாகக் கட்டி, ஒவ்வொரு கயிற்றிலும் கையளவு விதைப்பாசியை இடைவெளிவிட்டு முடிந்து மிதக்கவிடுகிறீர்கள். 45 நாள் கழித்துத்தான் விளைச்சல் தெரியும். யார் முடிச்சு நின்றது, யார் முடிச்சு அவிழ்ந்து பாசி அலையோடு போனது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. கரைவலையில் சோர்ந்தவரை அடுத்த நொடியில் பக்கத்து ஆள் உணர்ந்துவிடுவார். இங்கே செய்கைக்கும் விளைவுக்கும் நடுவில் ஒன்றரை மாதம் கிடக்கிறது. அறுவடை நாளின் மனக்கசப்புக்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் யார்மீதோ ஒரு சந்தேகம் இருக்கும், எவரிடமும் ஆதாரம் இருக்காது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொருவரும் தாம் கட்டிய கயிற்றின் நுனியில் தமக்கென்று ஒரு நிற நைலான் நூலை முடிந்துவிட வேண்டும். சிவப்பு ஒருவருக்கு, பச்சை இன்னொருவருக்கு. அறுவடையன்று கயிறுகளை அவிழ்த்துக் கரையில் நீளவாக்கில் போட்டதும், எந்த நிறத்துக் கயிற்றில் பாசி அடர்ந்திருக்கிறது, எதில் வெறும் முடிச்சு மட்டும் நிற்கிறது என்று ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நன்றாக நின்ற கயிற்றுக்குச் சொந்தக்காரர் எப்படி முடிந்தார் என்பதை அங்கேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு: இந்த விவரம் குழுவுக்குள்ளேயே நிற்க வேண்டும். வங்கி அலுவலரோ வியாபாரியோ நிற்கும் இடத்தில் நிறம் பார்த்துப் பேர் சொன்னால் அடுத்த முறை நூலே கட்டமாட்டார்கள். நூலின் நோக்கம் கற்றுக்கொள்வது. ஓரா மீன் கடித்துத் தின்ற கயிற்றுக்கு அதைக் கட்டியவர் என்ன செய்வார்? எது மீன் கடித்தது, எது முடிச்சு அவிழ்ந்தது என்று பிரித்துச் சொல்ல அவர்களுக்கே தெரியும்.

குழுவின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் 12 முதல் 20 பேர் வரை கொண்டவை. அந்த எண்ணிக்கை சேமிப்புக்கும் கடனுக்கும் ஏற்றது. கூட்டாக உடலுழைப்புச் செய்ய அது ஏற்றதன்று. 5 பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 10 உறவுகள். 12 பேரில் 66. அத்தனை உறவுகளுக்குள்ளும் யார் யாருக்கு என்ன சொன்னார் என்று நினைவில் வைத்து வேலை ஓட்டுவது எவருக்கும் இயலாது. பெரிய குழு வங்கிக் கணக்குக்காக அப்படியே இருக்கட்டும், மிதவை வேலைக்கு அதை நான்கைந்து பேர் கொண்ட அணிகளாகப் பிரித்துவிடுங்கள். பிரிக்கும்போது அக்காள் தங்கை, மாமியார் மருமகள் என்று ஒரே வீட்டார் எல்லாரும் ஓர் அணியில் சேராமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஏனென்று அடுத்துச் சொல்வதிலிருந்து விளங்கும்.

கேள்வியில் உள்ள மிக முக்கியமான வரி, ஒருவர் கவனித்த கோளாறு மற்றவருக்குத் தெரிவதில்லை என்பதே. இது உங்கள் குழுவின் தனிக்குறை அன்று. காரல்டு ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் பொதுவான சில விவரங்களையும் அவரவருக்கு மட்டுமான சில விவரங்களையும் கொடுத்துக் கூடிப் பேசி முடிவெடுக்கச் சொன்னார்கள். எல்லாருடைய விவரங்களையும் கூட்டினால்தான் சரியான முடிவு கிடைக்கும் என்றபடி அது அமைக்கப்பட்டிருந்தது. குழுக்களோ எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசின; ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பெரும்பாலும் வெளியே வரவே இல்லை. நம் ஊர்க் கூட்டங்களில் டீசல் விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச்சு ஓடுவதும், நேற்று நீரோட்டம் மாறியதைப் பார்த்த ஒருவர் வாய் திறக்காமல் எழுந்து போவதும் இந்த வகைதான்.

இதற்கு நேரெதிரான நிகழ்வொன்று பாம்பனிலேயே நடந்திருக்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்தரங்களையும் பெயர்த்துக் கடலில் தள்ளியது. ரயில்வே முதலில் குறித்த கெடு 6 மாதம். பிறகு அதை 3 மாதமாகச் சுருக்கினார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் வேலையை முடித்தார். வெளியிடங்களிலிருந்து உத்தரங்களைத் தருவிக்கும் யோசனை ஓடிக்கொண்டிருந்தபோது, விழுந்த உத்தரங்கள் பாலத்திலிருந்து சிறிது தொலைவில் கடலடியில் கிடக்கின்றன என்ற தகவலை மீனவர் ஒருவர் கொண்டுவந்தார். அவற்றைத் தூக்கியெடுத்து மறுபடி பொருத்தியதே வேலை விரைந்ததற்கு முக்கியக் காரணம். பொறியாளரின் திறமையை எல்லாரும் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். நான் இதில் கவனிப்பது, கடலடியில் என்ன கிடக்கிறது என்று தெரிந்த ஒரு மனிதர் அந்தப் பொறியாளரிடம் போய்ச் சொல்ல முடிந்தது என்பதையும், சொன்னதை அவர் கேட்டார் என்பதையும்தான்.

உங்கள் கூட்டங்களில் இதை வரவழைக்கத் தலைவி ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும். "யாருக்காவது ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்கா?" என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட வேண்டும், அந்தக் கேள்விக்கு மௌனமே மறுமொழி. அதற்குப் பதிலாக, வட்டமாக உட்கார்ந்து, வயதில் இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, "மத்தவங்க பாக்காத எதை நீ இந்த வாரம் பாத்தே?" என்று கேட்க வேண்டும். தலைவி கடைசியில்தான் பேச வேண்டும். மூத்தவர் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குப்பின் நம் ஊரில் எவரும் வேறொன்றைச் சொல்லமாட்டார்கள். அனிதா வூலி முதலானோர் 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே வருகிறது. ஒரு குழு பலவிதமான வேலைகளைச் செய்து முடிக்கும் ஆற்றலுக்கும் அதன் உறுப்பினர்களின் தனித்தனி அறிவுத்திறனுக்கும் வலுவான தொடர்பு காணப்படவில்லை. பேச்சு ஓரிருவரிடமே தங்கிவிடாமல் பரவலாகச் சுற்றிவருவதும், மற்றவர் முகக்குறிப்பை உணரும் திறனும்தான் தொடர்புடையனவாகத் தெரிந்தன.

இனி உறவுமுறைக்கு வருவோம். நம் கடற்கரையில் குழு என்பது மதினி, நாத்தனார், சின்னம்மா, மாமி என்று பின்னப்பட்ட ஒன்று. விசைப்படகில் என்றால் மாமன், மச்சான், சித்தப்பா. வயதில் மூத்தவரின் வேலையில் குறை சொல்வது மரியாதைக் குறைவாகிவிடும் என்ற அச்சம் இயல்பானது. அந்த மரியாதையைக் கழற்றி எறியச் சொல்லும் பயிற்சியாளர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் பேருந்து ஏறிய மறுநாள் அந்த வார்த்தைகளும் போய்விடும். மரியாதைக்குள்ளிருந்தே எச்சரிக்கை சொல்லும் முறையைப் பழக்குவதுதான் நடக்கக்கூடியது. விமானத் துறை இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். புறப்படத் தொடங்கிய விமானத்தின் பொறியாளர், எதிரே உள்ள விமானம் இன்னும் பாதையைவிட்டு விலகவில்லையோ என்று கேட்டிருந்தார். அனுபவம் மிக்க தலைமை விமானி விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஐயத்தை வெறும் கேள்வியாக மட்டும் கேட்டால் ஒரே சொல்லில் அதை மூடிவிட முடியும். இதுபோன்ற விபத்துகளுக்குப் பின்னர் விமானக் குழுவினருக்குப் பயிற்றுவிக்கப்படும் முறையில் நான்கு படிகள் உண்டு: பெயரோ பதவியோ சொல்லி அழைப்பது, கண்டதைக் கண்டபடி சொல்வது, அதனால் என்ன ஆகும் என்ற தன் அச்சத்தைச் சொல்வது, செய்யவேண்டியதை முன்மொழிந்து ஒப்புதல் கேட்பது.

இது நம் வாய்க்கு எவ்வளவு இயல்பாக வருகிறது என்று பாருங்கள்: "மதினி, அந்தக் கடைசி மிதவையில ரெண்டு மூலைக் கட்டு தளர்ந்திருக்கு. ராத்திரி வாடை எழும்புனா மூங்கில் பிரிஞ்சிரும்னு பயமா இருக்கு. வெளிச்சம் இருக்கும்போதே ரெண்டு பேர் போயி இறுக்கிட்டு வந்துருவோம், என்ன சொல்றீங்க?" இதில் யார் கட்டியது என்ற பேச்சே இல்லை. மதினியின் மரியாதைக்கும் குறைவில்லை. விசைப்படகில் முதல்முறை தொழிலுக்கு வரும் பையனுக்கும் இதே அமைப்புத்தான்: "சித்தப்பா, இஞ்சின் ரூம்ல தண்ணி கணுக்காலுக்கு வந்துருச்சு. போகும்போது இவ்வளவு இல்ல. ஒருதடவ இறங்கிப் பாத்துட்டு வலையை விடலாமா?" எழுதி ஒட்டிவைத்தால் இது பழகாது. கரையில் உட்கார்ந்து கயிறு முடியும் நேரத்தில் ஒருவர் மூத்தவராகவும் ஒருவர் இளையவராகவும் இருந்து, உண்மையிலேயே வரக்கூடிய கோளாறுகளை வைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூத்தவரும் ஒன்றைப் பழக வேண்டும்: அவர் சொல்லும் முதல் வார்த்தை "நல்லவேளை சொன்னே" என்பதாக இருக்க வேண்டும், பிறகு ஏற்கலாம், மறுக்கலாம். இளையவர் மறுமுறை வாய் திறப்பாரா என்பது அந்த முதல் வார்த்தையில்தான் முடிவாகிறது.

இந்த மண்ணின் மைந்தரான அப்துல் கலாம் பலமுறை மேடையில் சொன்ன நிகழ்ச்சியை அனைவரும் அறிவோம். அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10இல் தோல்வியடைந்தபோது, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18இல் வெற்றி கிட்டியபோது கலாமைப் பேசச் சொன்னார். தலைமைப் பண்புக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். இதன் பயன் அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது: பழி தம்மேல் விழாது என்று தெரிந்த குழுவே, எங்கே கசிந்தது, எதை அலட்சியப்படுத்தினோம் என்று முழுதாகப் பேசும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்ததைக் கண்டு திகைத்தார். அவர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பது பிறகே விளங்கியது. உங்கள் குழுவின் நோட்டில் பிரச்சினை என்று எதுவுமே எழுதப்படாவிட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "நாளைக்கு நாலு மணிக்கு வா" என்றால் விடியற்காலையா மாலையா, மேற்கிலிருந்து மூன்றாவது மிதவையா கிழக்கிலிருந்தா என்பதில் வீணாகும் நாட்கள் ஏராளம். சொன்னவர், கேட்டவர் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்கக்கூடாது என்று ஒரு விதி போதும். எழுதப் படிக்கத் தயங்குகிறவர்கள் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகவே திருப்பிச் சொல்லலாம்.

பணக் கணக்கு திறனா என்று கேட்கலாம். கூட்டு வேலையில் அதுவும் ஒரு திறன்தான், பலர் நினைப்பதைவிடப் பெரியது. விசைப்படகில் ஏறுகிறவருக்குக் கரை திரும்பியதும் மீன் ஏலம் போகும் விலையும், டீசல், ஐஸ் என்று கழியும் செலவும், மீதியில் படகுக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, தொழிலாளிக்கு எவ்வளவு என்ற பங்கு முறையும் ஏறும்போதே தெரியும். அந்தப் பங்கு நியாயமா என்பது தனி விவாதம். ஆனால் விதி முன்கூட்டியே தெரிந்திருப்பதால் கடலில் அதைப் பற்றிச் சண்டை வருவதில்லை. பாசிக் குழுவில் காய்ந்த பாசியை எடை போடுவதும் நோட்டில் எழுதுவதும் பெரும்பாலும் ஒருவரிடமே தங்கிவிடுகின்றன. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் மற்றவர்களுக்குக் கணக்கு ஒரு இருட்டறைதான். எடை போடுபவர், எழுதுபவர், தராசைப் பார்த்து உரக்கப் படிப்பவர் என்று மூன்றாகப் பிரித்து அறுவடைக்கு அறுவடை முறை மாற்றுங்கள். எழுதத் தெரியாதவர் உரக்கப் படிக்கலாம். தராசின் எண்ணைப் போனில் படம் எடுத்து உடனே குழுவுக்கு அனுப்பலாம். இதே முறை மாற்றத்தை மற்ற வேலைகளுக்கும் கொண்டுபோனால், நங்கூரக் கயிறு கட்டத் தெரிந்தவர் ஒருவரே என்பதால் அவர் வீட்டில் விசேஷம் வந்தால் எல்லாரும் காத்திருக்கும் நிலையும் நீங்கும்.

வேலைக்குப் பிந்திய அலசலுக்கு நான் கொடுக்கும் முக்கியத்துவம் அதிகம். ஸ்காட் டானன்பாம், கிறிஸ்டோபர் செராசோலி இருவரும் 2013இல் தொகுத்த ஆய்வுகளின்படி, முறையாக அலசும் குழுக்களின் செயல்திறன் அலசாத குழுக்களைவிடச் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் மேம்பட்டது. செலவில்லாத ஒரு வழக்கத்துக்கு இது மிகப் பெரிய பலன். மூன்றே கேள்விகள் போதும்: என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, அடுத்த மிதவையில் எதை மாற்றப் போகிறோம். மூன்றாவது கேள்விக்கு ஒரே ஒரு விடையைத்தான் ஏற்க வேண்டும், அதற்கு ஒருவர் பேர் போட வேண்டும். பத்துத் தீர்மானம் போட்டால் ஒன்றும் நடக்காது. பாசியைக் காயப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கும் அந்தக் கால் மணி நேரத்தில், கரையிலேயே இது முடிந்துவிட வேண்டும். மாதாந்திரக் கூட்டத்துக்கு ஒத்திவைத்தால் அதற்குள் கதை மாறிவிடும்.

விதிகளை யார் போடுவது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: நீங்கள் போடாதீர்கள். தீவுகளைச் சுற்றி இயற்கைப் பாசி எடுக்கும் பெண்களே இதற்கு முன்மாதிரி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு நெருக்கடி வந்தபின், பாசி அழியாமல் இருக்க மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது, பாறையைச் சுரண்டும் உலோகக் கருவியைக் கைவிடுவது என்று அவர்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். பொதுச் சொத்தைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து அவர்களே கண்காணிக்கும் ஏற்பாடுகள் நிலைத்து நிற்பதை உலகின் பல பகுதிகளில் ஆராய்ந்து காட்டியதற்காகத்தான் எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நூல் கட்டுவதோ முறை மாற்றுவதோ, நான் மேலே சொன்ன எதையும் உத்தரவாகக் கொண்டுபோகாமல், ஓர் அணி மட்டும் ஒரு அறுவடைக்குச் செய்து பார்க்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். மற்ற அணிகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் மிதவைகள் அடிபடும். அந்த மாதங்களில் புதிய பழக்கம் எதையும் புகுத்த வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள்; குடும்பத்து ஆண்களையும் சேர்த்து உட்காரவைத்து, மிதவையை இழுத்துக் கொண்டுபோய் நிறுத்தும் வேலையில் அவர்கள் பொறுப்பு எது என்று தெளிவாக்க அதுவே ஏற்ற நேரம். முதலில் வட்டமாகப் பேசும் முறையை மட்டும் கொண்டுவாருங்கள். அது இரண்டு அறுவடைக்கு நின்றுவிட்டால் நிற நூலையும் எடை முறை மாற்றத்தையும் சேர்க்கலாம். மூத்தவரிடம் எச்சரிக்கை சொல்லிப் பழகுவது அதற்கும் பிறகு.

பலன் வருகிறதா என்று பார்க்க விளைச்சலை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். காற்றும் வெயிலும் மீனும் அதில் கை வைக்கும். ஒரு கோளாறு கண்ணில் பட்டதற்கும் அது குழுவுக்குத் தெரிந்ததற்கும் இடையே எத்தனை நாள் போனது என்று நோட்டில் ஒரு பத்தி போட்டுக் குறித்துவாருங்கள், அதைச் சொன்னவர் வயதில் இளையவரா மூத்தவரா என்பதையும் சேர்த்து.